முழங்கால் மடிப்பில் கை வைக்கும்போது நடக்கும் தவறுகள்

முழங்காலை மடித்தால் பின்பக்கத்தில் ஒரு குழி விழும். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடியும், அதைத் திருப்பிக் கொண்டுவரும் நாளமும், பாதத்தை ஆட்டுவிக்கும் நரம்புகளும் அதற்குள்ளால்தான் போகின்றன. உடற்கூற்றியலில் இதைப் பொப்லிற்றியல் குழி என்பார்கள். திருகோணமலை கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிப்பவர்கள், வார்டில் வேலை பழகும் தாதியர், இயன்மருத்துவர்கள் எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள், கேட்டால் படமும் கீறிவிடுவார்கள். பிழை வருவது நோயாளியின் காலில் கை வைக்கும்போது. கொப்பியில் கீறிய படத்தில் ஆழம் இல்லை.

குழியின் எல்லையாக நிற்கும் தசைகள் எல்லோருக்கும் தெரியும். மேலே வெளிப்பக்கம் பைசெப்ஸ் பெமோரிஸ், உட்பக்கம் செமிமெம்பிரனோசசும் அதன்மேல் கிடக்கும் செமிரெண்டினோசசும். கீழே காஸ்ரொக்னீமியசின் இரண்டு தலைகள், வெளித்தலையோடு சின்னதாகப் பிளான்ராரிஸ். இதைப் பாடமாக்கப் படும் பாட்டில் பாதியை ஆழ வரிசைக்குச் செலவழித்தால் நல்லது. தோலிலிருந்து உள்ளே போனால் முதலில் வருவது ரிபியல் நரம்பு, அதற்கு அடியில் நாளம், எல்லாவற்றுக்கும் அடியில் நாடி. தொடையென்பின் பின்முகத்தையும் மூட்டுறையையும் ஒட்டியபடி நாடி போகிறது.

பக்கவாட்டு வரிசை இடத்துக்கு இடம் மாறும். குழியின் மேல்முனையில் வெளியிலிருந்து உள்ளாக நரம்பு, நாளம், நாடி. நடுவில் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று. கீழே நரம்பு உட்பக்கம் கடந்துவிடும், நாடி வெளிப்பக்கம் வந்துவிடும். "நரம்பு எந்தப் பக்கம்?" என்று பரீட்சையில் கேட்டால் முதலில் எந்த மட்டம் என்று பார்க்க வேண்டும். பலர் ஒரே பதிலைப் பாடமாக்கி வைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

காலை நீட்டி வைத்துத் துடிப்புத் தேடுவது

முழங்காலை நேராக நீட்டினால் குழியை மூடியிருக்கும் தடித்த உறை இறுகிவிடும். அதற்குக் கீழே ஆழத்தில் கிடக்கும் நாடி கைக்கு எட்டாது. "துடிப்பு இல்லை" என்று எழுதப்படும் குறிப்புகளில் கணிசமானவை இப்படிப் பிறந்தவைதான்.

நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, முழங்காலைச் சுமார் 30 பாகை மடித்து, தசையைத் தளர்த்தச் சொல்ல வேண்டும். பாரத்தை அவர் தாங்கக்கூடாது, உங்கள் கை தாங்க வேண்டும். இரண்டு பெருவிரல்களும் முன்பக்கத்தில் இருக்க, மற்ற விரல்நுனிகளைக் குழியின் கீழ்ப்பாதிக்குள் அழுத்தி, நாடியைக் கணைக்கால் உள்ளென்பின் பின்முகத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். குழியின் நடுவில் கொழுப்புத்தான் அகப்படும். அப்படியும் பிடிபடாவிட்டால் குப்புறக் கிடத்தி, கெண்டைக்காலை மேலே உயர்த்தி மீண்டும் பார்க்கலாம். அவசரமாகப் பத்து விநாடி தடவிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது.

எதிர்மாறான தவறும் உண்டு. வழக்கமாகத் தேடித்தேடிப் பிடிக்க வேண்டிய துடிப்பு, கை வைத்தவுடனேயே அகலமாக அடித்தால் சந்தோசப்படக்கூடாது. அது நாடி வீங்கிப் புடைத்திருப்பதாக, அதாவது அனியூரிசமாக, இருக்கலாம். 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பொதுவாகச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். இது வெடிப்பதைவிட உள்ளே இரத்தம் கட்டி அடைபடுவதுதான் அதிகம், அடைபட்டால் கால் போகலாம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மற்றக் காலிலும் இருக்கும் என்பதால் இரு பக்கமும் பார்க்க வேண்டும், வயிற்றுப் பெருநாடியையும் சேர்த்து.

இந்த இடத்தில் ஒரு கட்டியைக் கண்டால் கத்தியையோ ஊசியையோ எடுக்கும் முன் அது துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீழ்க்கட்டி என்று நினைத்து அனியூரிசத்தைக் கீறுவது பழைய பாடநூல்கள் தொடக்கம் எச்சரிக்கப்பட்டு வரும் பிழை, இன்னும் நிற்கவில்லை. உட்பக்கம், காஸ்ரொக்னீமியசின் உட்தலைக்கும் செமிமெம்பிரனோசசுக்கும் இடையில் துடிப்பில்லாமல் தள்ளுவது பெரும்பாலும் பேக்கர் நீர்க்கட்டி. மூட்டுக்குள் நீர் சேர்வதால் வருவது அது. மூட்டைக் கவனிக்காமல் கட்டியை மட்டும் உறிஞ்சினால் திரும்ப நிறையும்.

விபத்துக்குப் பிறகு "எக்ஸ்ரே நல்லாயிருக்கு"

ஹபரணை வீதியில் மோட்டார் சைக்கிள் விழுந்து முழங்கால் அடிபட்டு வருபவரின் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கால் நேராகவும் இருக்கிறது. அதனால் வீட்டுக்கு அனுப்பலாமா? மூட்டு விலகி, ஆளைத் தூக்கி ஏற்றும்போதே தானாகத் திரும்பிப் பொருந்தியிருக்கலாம். எக்ஸ்ரே அதைச் சொல்லாது.

இங்கே நாடி அகப்படுவதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. மேலே தொடைத்தசையின் துவாரத்தால் உள்ளே வரும் இடத்திலும், கீழே சோலியஸ் தசையின் வளைவுக்கு அடியில் நுழையும் இடத்திலும் அது இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு முனையிலும் முளையில் கட்டிய கயிற்றை நடுவில் இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் மூட்டு விலகும்போது நடக்கிறது. முழங்காலைச் சுற்றி 5 சிறு கிளைநாடிகள் பின்னிக் கிடந்தாலும், இந்தப் பெரிய நாடி திடீரென அடைபட்டால் அவை காலைக் காப்பாற்றப் போதாது. தொடையென்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்தாலும் இதே ஆபத்து: காஸ்ரொக்னீமியஸ் கீழ்த்துண்டைப் பின்பக்கம் இழுத்து நாடிமேல் சாய்க்கும்.

பாதத்தில் துடிப்பு இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் பிழை. நாடியின் உட்படலம் மட்டும் கிழிந்தால் முதலில் இரத்தம் ஓடும், பிறகு கிழிந்த இடத்தில் உறைந்து அடைக்கும். ஆகவே கைத்துடிப்போடு நிறுத்தாமல் இரத்த அழுத்தத்தையும் அளக்க வேண்டும். கணுக்காலில் எடுத்த மேல் அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுக்க வேண்டும். கையில் 130, கணுக்காலில் 110 என்றால் விடை 0.85. 0.9க்குக் கீழே வந்தால் நாடியைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்; அதற்கு மேல் இருந்தாலும் நோயாளியை மறித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இரத்தம் போகாத கால் ஏறத்தாழ 6 மணித்தியாலம் தாண்டினால் தசையும் நரம்பும் மீளாமல் சாகத் தொடங்கும். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வரும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், கடிகாரம் அடிபட்ட நொடியிலிருந்தே ஓடுகிறது.

குழிக்கு வெளியே காயப்படும் நரம்பு

பாதத்தை மேலே தூக்கவைக்கும் பெரோனியல் நரம்பு குழியில் பிறந்து, பைசெப்ஸ் தசையின் உட்கரையோரமாகப் போய், கணைக்கால் வெளியென்பின் கழுத்தைச் சுற்றித் திரும்புகிறது. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே தட்டுப்படும் எலும்புக் குமிழுக்குக் கீழ்ப்பகுதிதான் அந்தக் கழுத்து. அங்கே நரம்புக்கும் தோலுக்கும் இடையில் மெத்தை எதுவும் இல்லை.

பிளாஸ்ரரின் மேல்விளிம்பு, இறுக்கிய பண்டேஜ், கட்டில் சட்டம், வெங்காயத் தோட்டத்தில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து களை பிடுங்குவது, கால்மேல் கால் போட்டு நெடுநேரம் இருப்பது என எதுவும் போதும். பாதம் தொங்கும், நடக்கும்போது செருப்பு நிலத்தில் தட்டும். பிளாஸ்ரர் போட்டவரிடம் "நோகுதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. பெருவிரலை மேலே தூக்கச் சொல்ல வேண்டும், முதல் இரண்டு விரல்களுக்கு இடைத்தோலைத் தொட்டு உணர்வு கேட்க வேண்டும்.

பாதம் தொங்கியவரை நேரே முதுகு ஸ்கானுக்கு அனுப்புவதும் நடக்கிறது. பாதத்தை உட்பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அந்த வேலையைச் செய்யும் தசைக்கு ரிபியல் நரம்புதான் போகிறது. அது பலமாக இருந்தால் பிழை முழங்காலருகே இருக்க வாய்ப்பு. அதுவும் தளர்ந்திருந்தால் முதுகின் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் பக்கம் யோசிக்கலாம்.

எண்ணெய்யும் கயிறும்

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வந்தவருக்கோ, சத்திரசிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தவருக்கோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், தொக்கணம் (சித்த மருத்துவத்தில் உடலைப் பிடித்து அமுக்கிவிடும் முறை) வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். பொப்லிற்றியல் நாளத்தில் கட்டிய இரத்தம் கழன்று நுரையீரலுக்குப் போகலாம். முழங்காலுக்கு முன்னால் கீழே தட்டுப்படும் மேட்டிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இரு கால்களையும் அளவுநாடாவால் சுற்றி அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும், நாளத்தில் இரத்தம் ஓடுகிறதா என்று காட்டும் டொப்ளர் ஸ்கான் வேண்டும். வெடித்த பேக்கர் கட்டியும் அப்படியே இருக்கும், கையால் பிரித்தறிய முடியாது.

கந்தளாய் வயல்களில் கண்ணாடி விரியன் கடித்தால் முழங்காலுக்குக் கீழே கயிறு இறுக்குவது இன்னும் வழக்கம். விஷம் நிற்கிறதோ இல்லையோ, அந்த இடத்தில் பெரோனியல் நரம்பு நசியும், கீழே இரத்தம் தடைபட்டு, விஷத்தால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட தசை இன்னும் சேதமாகும். காலை ஆட்டாமல் கிடத்தி 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைக்க வேண்டும். யாராவது முன்பே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல், மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து தயாரான பிறகே அவிழ்க்கவிட வேண்டும். கொலுசு, மெட்டி, இறுக்கமான சப்பாத்து இவற்றை உடனே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு கழறாது.