ஹூக்கை எங்கே மாட்டுவது? உயரத்து வேலைக்கு பெல்ட் போடும் முறை

வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில், சாரத்தில் நின்று ஒரு கொத்தனார் வேலை பார்த்தார். காலடிப் பலகை நழுவியது. அவர் பெல்ட் போட்டிருந்தார், ஹூக்கும் மாட்டியிருந்தார், கயிறும் அறுபடவில்லை. ஆனாலும் கீழே அடுக்கியிருந்த செங்கல்மேல் போய் விழுந்து குதிகால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கேட்டார்: "பெல்ட் மாட்டித்தானுங்களே சார் இருந்தேன், அப்புறம் எப்படிங்க?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் படித்துப் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக சைட் பொறுப்பு எடுத்தவர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும். ஹெல்மெட், ஷூ எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில் வாங்குவது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டவே வேண்டாம். விழுந்தால் மொத்த அடியும் இடுப்பிலும் வயிற்றிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் ஃபுல் பாடி ஹார்னஸ்தான் வாங்க வேண்டும் (இனி பெல்ட் என்று சொல்வது இதைத்தான்), அதில் ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்க வேண்டும். கயிறு இரட்டையாக, ஷாக் அப்சார்பரோடு (விழும்போது பிரிந்து நீண்டு அடியைக் குறைக்கும் மடித்த பட்டை, சின்னப் பையில் இருக்கும்), பெரிய வாய் உள்ள ஹூக்கோடு இருக்கட்டும். ஒற்றைக் கயிறு விலை குறைவுதான். ஆனால் இடம் மாறும்போது ஹூக்கைக் கழற்றியே ஆக வேண்டும், அந்த நிமிடத்தில் ஆள் எதிலும் இணைந்திருக்க மாட்டார். இரட்டைக் கயிறு என்றால் ஒன்றை முன்னால் மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றலாம்.

அடுத்து, தினமும் காலையில் சோதனை. வெளிச்சத்தில் பிடித்து, பட்டையை விரலால் மடக்கிப் பாருங்கள். வெட்டு, தீக்காயம், தையல் பிரிந்தது, சிமெண்ட் பால் பட்டு விறைத்துப்போனது, இதில் எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அப்சார்பர் பை கொஞ்சம் பிரிந்திருந்தாலும் அந்தக் கயிறு முடிந்தது. ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள். நாங்கள் அதைக் கத்தியால் வெட்டித்தான் குப்பையில் போடுகிறோம், இல்லாவிட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

போடும்போது, கயிறு மாட்டும் முதுகு வளையத்தைப் பிடித்துத் தூக்கி உதறினால் பட்டைகள் சிக்கல் இல்லாமல் தொங்கும். தோளில் மாட்டி, தொடைப் பட்டையை இறுக்கி, கடைசியில் மார்புப் பட்டை. தொடைக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும், மடக்கிய கை நுழையக் கூடாது. முதுகு வளையம் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். புதிய ஆளாக இருந்தால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். எங்கே அழுத்துகிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

இனி நான் தவறிய இடம். கொத்தனார் ஹூக்கை மாட்டியிருந்தது அவர் காலடியில் ஓடிய குறுக்குக் குழாயில். கணக்கைப் பாருங்கள். கயிறு 1.8 மீட்டர். அப்சார்பர் முழுதாக விரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். பட்டை இழுபடுவதற்கும் கீழே மிச்சம் இருப்பதற்கும் 1 மீட்டர். கூட்டினால் 6.05 மீட்டர். அதாவது ஹூக் மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். அவருக்கு இருந்தது 4 மீட்டர். கயிறு தன் வேலையை முடிப்பதற்கு முன்பே தரை வந்துவிட்டது.

அதே சாரத்தில், நிற்கும் பலகைக்கு 2 மீட்டர் மேலே மாட்டியிருந்தால்? காலடியில் மாட்டினால் கயிறு விறைக்கும் முன் 3.3 மீட்டர் விழுவார். தலைக்கு மேலே மாட்டினால் 1.3 மீட்டர்தான். அடியும் குறையும், அப்சார்பரும் முழுதாக விரியாது. அதனால் எங்கள் சைட்டில் இப்போது ஒரே பேச்சு: ஹூக் தலைக்கு மேலே.

அப்படி மேலே மாட்ட இடமே இல்லாத தாழ்வான சாரத்தில் பெல்ட்டை நம்பாதீர்கள். பலகையை இடைவெளி இல்லாமல் நிரப்பி, இரண்டு முனையிலும் கட்டி, கைப்பிடிக் குழாய் போடுங்கள். அந்தப் பலகை அன்றைக்குக் கட்டியிருந்தால் அவர் விழுந்தே இருக்க மாட்டார்.

எதில் மாட்டுவது என்பதும் முக்கியம். ஒரு சின்ன கார் வண்டியையே கட்டித் தொங்கவிட்டாலும் அசையாத இடமாக இருக்க வேண்டும். சவுக்குக் கம்பு, ஜன்னல் சட்டம், தண்ணீர்க் குழாய், மேல்முனை திறந்த காலம் (தூண்) கம்பி எதுவும் ஆகாது. எனக்குப் பிடித்தது, செட் ஆன கான்கிரீட் தூணைச் சுற்றிப் போடும் ஆங்கர் ஸ்லிங், அதாவது ஹூக் மாட்டுவதற்கான பட்டை. தூணின் மூலை பட்டையை அறுக்காமல் நடுவில் சாக்கு மடித்து வையுங்கள். கிடைமட்டமாகக் கம்பிக் கயிறு கட்டுவதானால் இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும், அது தொய்யும் அளவையும் அந்த 6 மீட்டரோடு கூட்ட வேண்டும்.

விழுந்து தொங்குபவரை எப்படி இறக்குவது என்பதை ஏறும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, நிமிடக் கணக்கில் மயக்கம் வந்துவிடும். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. ஏணி எங்கே இருக்கிறது, யார் ஏறுவார் என்று தினமும் காலையில் சொல்லிவிடுகிறோம்.

கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1998-ல் வந்த மத்திய விதிகளிலேயே பெல்ட்டும் லைஃப்லைனும் (பெல்ட்டை மாட்டும் பாதுகாப்புக் கயிறு) இருந்தன. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கொள்கையை எழுதி வைக்கவும் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆபீஸ் சுவரிலும் அது ஃப்ரேம் போட்டுத் தொங்கியது, "உயரத்தில் வேலை செய்வோர் அனைவரும் பெல்ட் அணிவர்" என்று. எல்லோரும் அணிந்துதான் இருந்தார்கள். இப்போது தினசரி ரெஜிஸ்டரில் "பெல்ட் உண்டா" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "ஹூக் எதில், எவ்வளவு உயரத்தில்" என்று இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை: புடவை கட்டிய சித்தாளுக்கு எப்படிப் போடுவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். புடவைக்கு மேலே தொடைப் பட்டை சரியாக உட்காராது, லுங்கிக்கும் அதே கதைதான். மேலே ஏறும் அக்காக்களுக்கு நாங்கள் பேன்ட்டும் சட்டையும் கொடுத்துவிட்டோம். உடை மாற்ற கதவுள்ள ஒரு இடமும் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இரட்டைக் கயிற்றில் சும்மா இருக்கும் ஹூக்கை இடுப்பு வளையத்தில் மாட்டி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. விழும்போது அந்தக் கயிறு அப்சார்பரை விரியவிடாமல் பிடித்துவிடும், மொத்த அடியும் உடம்பில் இறங்கும். அதற்கென்று மார்புப் பட்டையில் இழுத்தால் கழன்றுவிடும் சின்னத் துணி வளையம் இருக்கும், அதில் மாட்டுங்கள்.