கீழக்கரைப் பழைய மாளிகைகளைப் பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரையில் பணமில்லாமல் விழுந்த பெரிய வீடுகளை விட, பணம் வந்த வேகத்தில் கெட்ட வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து 40 நாள் லீவில் வருகிறார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கும். அதற்குள் வீடு புதுசாகத் தெரிய வேண்டும். 100 வருஷம் நின்ற சுவரில் 10 நாளில் கை வைப்பார்கள். தவறுகளில் பாதி இந்த அவசரத்தில் பிறப்பவை.

எங்கள் உம்மா வீட்டிலும் அதுதான் நடந்தது. சுவர் இரண்டடி கனம். உள்ளே முருகைக் கல், அதாவது பவளப்பாறைக் கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. அடிப்பக்கம் பொரிந்து உதிர்ந்ததால், அதைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசினோம். ஒப்பந்தக்காரர் இனிமேல் தொல்லையே இருக்காது என்றார். இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழைக்குப் பிறகு தட்டிப் பார்த்தால் பூச்சு டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் போட்டது. ஒரு நாள் முறம் அகலத்துக்கு ஒரு பத்தை பெயர்ந்து விழுந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க பஞ்சு போல வெள்ளை உப்பு. அதோடு கல்லின் மேல்தோலும் சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தது. சிமெண்ட் போனது பெரிய விஷயமில்லை, கல்லையும் பிய்த்துக்கொண்டு போனதுதான் மனசைச் சுட்டது.

காரணம் எளிது. இந்தக் கரையில் நிலத்தடியில் உப்பு, காற்றில் உப்பு, முருகைக் கல்லுக்குள்ளும் உப்பு. தரையிலிருந்து ஓதம், அதாவது நிலத்தின் ஈரம், சுவரில் ஏறும்போது உப்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பூச்சின் மேல் வந்து பூக்கும், துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு வெள்ளையடித்தால் போதும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் கல்லின் துளைகளில் படிகமாக உறைந்து பருத்து, கல்லை நொறுக்கும். எங்கள் பக்கத்துப் பழைய கொத்தனார் ஒருவர் பார்த்துவிட்டு, "ஓதத்த உள்ள அடைச்சா அது வேற பக்கம் கிழிச்சிக்கிட்டு வரும் தம்பி" என்றார்.

இதற்கு மருந்தென்று அடுத்து செய்வது அதைவிட மோசம். சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள். கறை மறையும். ஓதம் டைல்ஸைத் தாண்டி ஆறடியில் தலை காட்டும். ஆயில் பெயிண்ட் அடிப்பதும் எமல்ஷன் அடிப்பதும் இதே கதைதான்.

சுண்ணாம்பு தாங்குமா என்று கேட்பவர்கள் ஒருமுறை ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் இராமலிங்க விலாசத்துக்குப் போய் வரலாம். கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த கட்டடம். அதன் உட்சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. அல்லது தனுஷ்கோடிக்குப் போங்கள். 1964 டிசம்பர் புயலில் கூரை போன தேவாலயத்தின் முருகைக் கல் சுவர்கள் 60 ஆண்டுகளாக உப்புக் காற்றில் நிற்கின்றன. கிட்டப் போனால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சியின் அறைகளைத் தேன்கூடு போலப் பார்க்கலாம்.

சரி, சுண்ணாம்புதான் என்று முடிவு செய்த பிறகும் தவறு நடக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று கலவையில் ஒரு சட்டி சிமெண்ட் போடுவது முதல் தவறு. அது சுண்ணாம்பின் நல்ல குணத்தைக் கெடுக்கும், சிமெண்டின் பலத்தையும் தராது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல வாங்கித்தான் கல்லாகும். அதற்கு ஈரமும் வேண்டும், நாளும் வேண்டும். நன்றாக நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பை கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்து மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. வெயில் நேரத்தில் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். 40 நாளில் முழு வீட்டையும் இப்படி முடிக்க முடியாது. வருஷத்துக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள், வீடு காத்திருக்கும்.

பழைய கல்லுக்குப் பதில் கல் வேண்டுமென்று கடற்கரையில் பொறுக்கவோ, தீவுப் பக்கமிருந்து எடுத்துவரச் சொல்லவோ கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுத்தால் வழக்கு. வழக்கை விடுங்கள், பவளம் தோண்டித் தோண்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. இடிக்கிற பழைய வீடுகளில் அதே கல் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் கான்கிரீட். மாடியில் ஒரு குளியலறை, முற்றத்தின் மேல் ஒரு ஸ்லாப் என்று ஆரம்பிப்பார்கள். ஊர்க் கிணற்றில் உப்புத் தண்ணீர், கையெட்டும் தூரத்தில் கடல் மணல். இரண்டும் கம்பிக்கு எமன். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கடற்கரையில் எம்-30 தரத்துக்குக் குறைந்த கலவையும் கூடாது. துரு ஏறிய கம்பி உப்பி கான்கிரீட்டை உடைக்கும். முற்றத்தை மூடினால் இன்னொரு கேடும் உண்டு. சுவர்களின் ஈரத்தை இழுத்துப் போகும் காற்று நின்றுபோகும்.

கூரையில் எல்லோரும் மேலே மட்டும் பார்க்கிறார்கள். ஒழுகினால் ஏற்கனவே இருக்கும் தளத்தின் மேல் இன்னொரு அடுக்கு தட்டை ஓடு பதிப்பார்கள், பத்து வருஷம் கழித்து மறுபடியும் ஒன்று. அத்தனை பாரமும் கீழே இருக்கும் தேக்கு உத்திரங்களில் இறங்கும். உத்திரம் நடுவில் கெடுவது அபூர்வம். சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் ஓதத்தில் மக்கும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். நல்ல பர்மாத் தேக்கு என்றால் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கும். மண்ணில் இறங்குவது போல இறங்கினால், புதுத் தளத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் முட்டுக் கொடுங்கள்.

கதவு, தூண் வாங்க வரும் வியாபாரியிடம் அன்றைக்கே விலை பேசாதீர்கள். ஒரு தூண் போனால் அதன் மேல் நிற்பது என்னவென்று அவருக்குக் கவலையில்லை. காரைக்குடிக் கடைகளில் இருக்கும் எத்தனையோ கதவுகளுக்கு எந்த ஊர், எந்தத் தெரு என்று இன்று யாருக்கும் தெரியாது. எல்லாப் பழைய வீட்டையும் சீதக்காதி காலத்தது என்று சொல்லும் வழக்கத்தையும் விடலாம். அவர் 17-ஆம் நூற்றாண்டுக்காரர். பர்மாத் தேக்கும் இரும்பு கர்டரும் இருக்கும் வீடு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குப் பிந்தியது. வயது சரியாகத் தெரிந்தால்தான் எந்தச் சுவரில் என்ன கலவை என்பது புரியும்.

எங்கள் ஊரில் வீடு பெண்மக்கள் பேரில் வருவது வழக்கம். பங்காளிகள் நாலு நாட்டில் இருப்பார்கள். எல்லோரிடமும் எழுதி வாங்காமல் ஒரு செங்கல்லையும் அசைக்காதீர்கள்.

உம்மா வீட்டில் இந்த வருஷம் வடக்கு அறையின் சிமெண்ட்டை மட்டும் உளி வைத்துக் கொத்தி எடுத்தோம். பூசவில்லை. கோடை முழுக்கக் கல்லை வெறுமனே காய விட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை மாமி தேங்காய் நார் பிரஷால் சுவரைத் தேய்த்து, விழும் உப்பை முறத்தில் அள்ளித் தெருமுனையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார். சுவரடியில் விட்டால் அடுத்த மழைக்கு அதே உப்பு திரும்ப ஏறிவிடும். முதல் மாதம் முறம் நிறைந்தது. இப்போது ஒரு கைப்பிடிதான் வருகிறது.