ஒப்புக்குக் கல்யாணம்: சிட்காம் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் இப்போது தெருவுக்கு ஒரு யூடியூப் குழு இருக்கிறது. கேமரா பிடிக்க ஒருவன், எடிட்டிங் தெரிந்த ஒருவன், நடிக்க நாலு பேர். சிட்காம் என்கிற நகைச்சுவைத் தொடர் எடுப்போம் என்று உட்கார்ந்ததும் முதலில் வந்து விழும் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: ஏதோ ஒரு காரியம் ஆகவேண்டி ஒப்புக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் ஆணும் பெண்ணும். கதை நல்ல கதைதான். ஒரே வீடு, இரண்டு பேர், ஊருக்குத் தெரியக்கூடாத ஒரு ரகசியம். செலவும் குறைவு. ஆனால் நாலாவது எபிசோடில் மூச்சு வாங்குகிறது, ஆறாவதில் படுத்துவிடுகிறது. பழைய ஆட்கள் சூடுபட்ட அதே அடுப்பில்தான் புதிதாக வருகிறவர்களும் கை வைக்கிறார்கள். சத்தம் சரியாகப் பதிவாகவில்லை, வெளிச்சம் போதவில்லை என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடலாம். இரண்டு நாள் படப்பிடிப்பில் அவை தானே புரியும்.

முதல் எபிசோடிலேயே காரியத்தை முடித்துவிடுவது

மற்ற தவறுகளுக்கு ஒட்டுப்போடலாம், இதற்கு முடியாது. எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த கதைக்குறிப்பில் இது திரும்பி வந்து நிற்கும். அந்த எரிச்சலில்தான் இதை நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கமாக வரும் கதை இது. தர்மபுரிப் பக்கம் வேலை பார்க்கும் டீச்சருக்குத் திருநெல்வேலிக்கு மாறுதல் வேண்டும். கணவன் இங்கே அரசு வேலையில் இருந்தால் கலந்தாய்வில் முன்னுரிமை உண்டு. பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கும் பையனுக்கோ மாமன் மகளைக் கட்டச்சொல்லும் வீட்டாரிடமிருந்து தப்பிக்க வேண்டும். இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். முதல் எபிசோட் முடிவதற்குள் மாறுதல் ஆணை வந்துவிடுகிறது, மாமன் மகளுக்கும் வேறு இடத்தில் பேசிமுடித்துவிடுகிறார்கள். இரண்டாவது எபிசோடில் காபிக்குச் சர்க்கரை யார் போடுவது என்று சண்டை.

பார்க்கிறவனுக்கு ஒரு கேள்வி வருமே! ஆணை கைக்கு வந்தாயிற்று, மாமன் மகளையும் தலைமுழுகியாயிற்று. இனி இவர்கள் எதற்கு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்? எழுதியவரிடம் பதில் இருக்காது. அதன்பிறகு எவ்வளவு நல்ல வசனம் எழுதினாலும் அது சாதாரணக் குடும்பச் சண்டைதான். அதற்கு ஒப்புக்குக் கல்யாணம் எதற்கு, அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்தாலே போதும்.

அவசியம் எப்போதும் பாக்கி நிற்க வேண்டும். அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சி 1987 செப்டம்பரில் தொடங்கிய ‘ஐ மேரீட் டோரா’ என்ற சிட்காமை எடுத்துக்கொள்ளுங்கள். எல் சால்வடாரிலிருந்து வந்து வீட்டுவேலை பார்க்கும் டோராவை நாடு கடத்திவிடாமல் இருப்பதற்காக, அந்த வீட்டின் கட்டடக்கலைஞர் பீட்டர் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதுதான் கதை. 13 எபிசோடோடு நின்றுபோன தொடர். ஆனால் அதன் அடியில் கிடந்த அவசியம் எப்படிப்பட்டது பாருங்கள். அதற்கு முந்தைய வருடம், 1986-ல், பொய்க் கல்யாணத்தைத் தடுக்க அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியிருந்தது. கல்யாணம் முடித்த கையோடு நிரந்தர வசிப்புரிமை கிடையாது. முதலில் 2 வருடத்துக்கு நிபந்தனையோடு கொடுப்பார்கள். அது முடியும் முன், கடைசி 90 நாளுக்குள், கணவனும் மனைவியும் சேர்ந்து மனுப்போட வேண்டும். அதாவது மோதிரம் மாற்றிய பிறகும் 2 வருடம் அரசாங்கமே வாசலில் நிற்கிறது. இப்படி வாசலில் யாராவது நிற்க வேண்டும்.

நம் டீச்சர் கதையை எப்படிச் சரிசெய்வது? அவசியத்தை மூன்று தவணையாகப் பிரித்து வையுங்கள்.

அன்றாடத் தவணை: அவள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை எதிர்வீட்டிலேயே குடியிருக்கட்டும். காலை எட்டு மணிக்கு வாசலில் கோலம், ஒரே பைக்கில் கிளம்புவது, எல்லாம் அவர் கண்ணில் படவேண்டும்.

மாதத் தவணை: ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று சொல்லி மாடியை வாடகைக்கு விட்ட ஆச்சி, முதல் தேதி தவறாமல் மேலே ஏறிவருவாள். துட்டை எண்ணுவதைவிடக் கட்டிலை எண்ணுவதில்தான் அவளுக்கு அக்கறை.

வருடத் தவணை: சட்டம். அதைக் கீழே சொல்கிறோம்.

இன்னொரு நுணுக்கம் உண்டு, பலரும் கோட்டைவிடுவது. இருவரின் அவசியமும் ஒரே நாளில் முடியக்கூடாது. பையனின் அவசியம் ஏழாவது எபிசோடில் தீர்ந்துபோகட்டும். மாமன் மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகட்டும். அவன் அந்தச் சேதியை டீச்சரிடம் சொல்லாமல் மறைக்கட்டும். அதுவரை இருவரும் சேர்ந்து ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருவன் மற்றவளையும் ஏமாற்றுகிறான், காரணம் அவனுக்கே விளங்கவில்லை. தொடரின் பின்பாதி முழுவதும் இந்த ஒரு மறைப்பில் ஓடும்.

ஒவ்வொரு எபிசோட் எழுதும் முன்பும் தாளின் தலையில் இந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: நாளைக்குக் காலையில் இவர்கள் பிரிந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஒரே வரியில் பதில் வரவேண்டும். போன எபிசோடின் பதிலே திரும்ப வந்தால் அந்த எபிசோடைக் கிழித்துப் போடலாம்.

மாட்டிக்கொள்ளும் இடங்களை முன்கூட்டிக் கணக்கெடுக்காதது

வசனம் எழுதும் முன், இவர்கள் குட்டு உடையக்கூடிய 13 சந்தர்ப்பங்களை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். எட்டுக்கு மேல் வரவில்லையென்றால் கதை மெலிவு, மேலே போகவேண்டாம். நம் பக்கத்தில் பஞ்சமே இருக்கக்கூடாது. கல்யாணத்தை வைகாசியில் வைத்தால் மறுவீடு உடனே வந்துவிடும். இரண்டு மாதத்தில் ஆடி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்துவிடுவார்கள். ஐந்தாறு மாதத்தில் தலைதீபாவளி. எட்டாவது மாதம் பொங்கப்படி, கரும்பும் பானையுமாக மாமனார் வேனில் வந்து இறங்குவார். இவை தவிர, கோயில் கொடை, அதாவது திருவிழா, வந்தால் கல்யாணமானவன் தனித் தலைக்கட்டு (வரிக்குத் தனிக் குடும்பம்), வரி எழுதுகிறவர் நோட்டோடு வந்து நிற்பார். ரேஷன் கார்டில் பெயர் நீக்கிப் புதுக் கார்டு வாங்குவது தனி எபிசோட். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, புருஷன் பெண்டாட்டி சேர்ந்துதான் போயாக வேண்டும், அங்கே யார் எந்த முறைக்காரர் என்று தெரியாமல் இருவரும் விழிப்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கிறவர்களெல்லாம் கேட்கும் “என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?”

ஆடியை வீணாக்காதீர்கள். நிஜத் தம்பதிக்கு அது பிரிவு, இவர்களுக்கு விடுதலை. கட்டில் முழுக்கத் தனக்கே என்று முதல் ராத்திரி மல்லாந்து படுப்பவன், நாலாம் நாள் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு நிற்பான். வசனம் இல்லாமல் காட்டவேண்டிய காட்சி. இதற்குப் பாட்டுப் போட்டுத் தொலைக்காதீர்கள்.

சட்டத்தை வாய்க்கு வந்தபடி எழுதுவது

“ஆறு மாசத்துல டைவர்ஸ் வாங்கிக்கிடலாம்” என்ற வசனம் வராத கதைக்குறிப்பே இல்லை. இந்துத் திருமணச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி கல்யாணமாகி ஒரு வருடம் முடியுமுன் விவாகரத்து மனு போட முடியாது. மிகக் கடுமையான நிலைமை இருந்தால் நீதிமன்ற அனுமதியோடு போடலாம், அவ்வளவே. இருவரும் மனமொத்துப் பிரிவதானால் 13-பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப்போட்ட பின் ஆறு மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் ஒரு வருடத்தில் லேசில் கைவைக்க முடியாது. உங்களுக்குக் கிடைத்த இலவச கடிகாரம் அது, அதை ஏன் ஆறு மாதமாகக் குறைக்கிறீர்கள்?

இதைவிட ருசியான விஷயம் ஒன்று. ‘பிரிந்து வாழ்வது’ என்றால் தனித்தனி வீடு என்று பொருளில்லை, ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிந்து வாழ்வதுதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அப்படியானால் நம் ஜோடி, தாலி கட்டிய நாளிலிருந்தே சட்டப்படி பிரிந்து வாழ்கிறது. ஒரு வக்கீல் பாத்திரம் இதை முகத்தில் சலனமில்லாமல் சொன்னால் போதும்.

முத்திரைத்தாள் பத்திரத்தில் “ஒரு வருடம் கழித்துப் பிரிந்துவிடுவோம்” என்று எழுதிக் கையெழுத்துப் போடும் காட்சியை வைத்துக்கொள்ளலாம், பீரோவில் ஒளித்துவைக்க ஒரு பொருள் கிடைக்கும். ஆனால் எந்த வக்கீலும் அதைச் செல்லும் என்று சொல்லக்கூடாது. அது நீதிமன்றத்தில் நிற்காது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் (1954) ஒரே நாளில் ரகசியமாகப் பதிவுசெய்வதும் நடக்காது. 30 நாள் அறிவிப்பு பதிவு அலுவலகப் பலகையில் தொங்கும். பத்திரம் பதியவந்த பெரியப்பா அதைப் படிக்கிறார் என்று எழுதுங்கள், உங்களுக்கு ஒரு எபிசோட் லாபம். அவசரக் கல்யாணமே வேண்டுமென்றால் 1967-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் செல்லும் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது: உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். பதிவுக்கு 90 நாள் அவகாசம்.

எல்லோரும் ‘ஏலே’ என்பது

நெல்லைத் தமிழ் என்றால் வரிக்கு ஓர் ‘ஏலே’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘ஏல’ சமவயது, இளவயது ஆண்களுக்கு. சின்னப் பெண்ணை, தோழியை ‘ஏட்டி’, ‘ஏளா’. மரியாதைக்கும் நெருக்கத்துக்கும் நடுவே நிற்கும் ஆம்பளைகளுக்குள் ‘வே’, ‘நீரு’, ‘வாரும்’. பெரியவர்களுக்கு ‘வாங்க’, ‘எங்க போறிய?’, ‘சாப்பிடுதியளா?’ அண்ணன் பெண்டாட்டி ‘மைனி’. ‘மக்கா’ நாகர்கோவில் சரக்கு, பாளையங்கோட்டை வாயில் திணிக்க வேண்டாம்.

இது வெறும் வட்டார ருசி என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கதையில் விளிச்சொல்தான் காதலின் அளவுகோல். தனியாக இருக்கும்போது ‘சார்’, ‘டீச்சர்’. ஆச்சி முன்னால் ‘அத்தான்’, ‘ஏட்டி’. இரண்டும் இடம்மாறி வாய்தவறுவதுதான் முதல் பத்து எபிசோடின் சிரிப்பு. பன்னிரண்டாவதில் யாருமே இல்லாத சமையல்கட்டில் அவள் வாயிலிருந்து ‘அத்தான்’ விழவேண்டும். இரண்டாவது எபிசோடிலேயே ‘நீ’, ‘வாடா’ என்று இறங்கிவிட்டால் அப்புறம் இறங்கப் படி ஏது?

ரகசியம் எத்தனை பேருக்கு

வெளியாள் ஒருவருக்கு மட்டும். இன்னொரு வெளியாளுக்கும் தெரிந்தால் அது ரகசியமில்லை, அறிவிப்பு.

கதவோரம் நின்று பாதி கேட்பது

தொடருக்கு ஒருமுறை.

மஞ்சள் கயிற்றை மறப்பது

செலவு மிச்சம் என்று எல்லா எபிசோடின் சமையல்கட்டுக் காட்சிகளையும் ஒரே நாளில் எடுப்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் வாரத்தில் பளிச்சென்றிருக்கும் மஞ்சள் கயிறு மூன்றாம் மாதம் வெளுத்திருக்கும், தாலி பிரித்துக் கோர்த்த பிறகு சங்கிலிக்கு மாறியிருக்கலாம். புதிது ஒன்று, வெளுத்தது ஒன்று, சங்கிலி ஒன்று என மூன்றைத் தனித்தனிப் பையில் எபிசோட் எண் எழுதி வையுங்கள். மெட்டிக்கும் இதே கணக்கு. ஊரில் பார்க்கிற பொம்பளைகள் வசனத்தைக் கவனிக்கிறார்களோ இல்லையோ, கழுத்தைக் கவனிப்பார்கள்.

வெளிப்புறக் காட்சிகளை ஆடிக் கொடை நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அந்த வட்டாரத்தில் நேரடி ஒலிப்பதிவு கிடையாது.

அல்வா ஜோக்

வேண்டாம்.

நிறுத்தப்படும் நாளை நினைக்காதது

‘ஐ மேரீட் டோரா’வின் கடைசி எபிசோட் 1988 ஜனவரி 8-ல் வந்தது. பீட்டர் வேலைக்காக பஹ்ரைன் போக விமானம் ஏறுகிறார், உடனே திரும்பி வருகிறார். ரத்தாகிவிட்டது என்கிறார். விமானமா என்று டோரா கேட்க, இல்லை, நம்ம தொடர் என்கிறார். கேமரா பின்னால் நகர, படப்பிடிப்புக் குழுவே நின்று கையசைக்கிறது. அவர்களுக்கு நிற்கப்போவது முன்பே தெரிந்திருந்தது. உங்களுக்குத் தெரியாது. காசு தருகிறவர் எட்டாவது எபிசோடுக்குப் பிறகு போனை எடுக்காமல் போகலாம்.

அதனால் முதல் கட்டப் படப்பிடிப்பின் கடைசி நாளில், அதே வீட்டில், அதே வெளிச்சத்தில் இரண்டு முடிவுகளை எடுத்துவையுங்கள். ஒன்றில் இருவரும் வீட்டைப் பூட்டிச் சாவியை ஆச்சியிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி, தெருமுனையில் ஒருவர் ஜங்ஷன் பக்கமும் ஒருவர் சமாதானபுரம் பக்கமும் போகிறார்கள். மற்றதில் ஆச்சி படியேறி வந்து, அடுத்த வருடத்துக்கு வாடகை ஐந்நூறு கூடும், சம்மதமா என்று கேட்கிறாள். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டுகிறார்கள். நடிகர்களும் உடுப்பும் இடமும் கையில் இருக்கும்போது இரண்டாவதற்குக் கூடுதலாக அரைமணி நேரம் ஆகும்.