இன்சுலின் போடும் வீட்டில் முதலில் எண்ணைப் பாருங்கள்

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் 26 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். சர்க்கரை நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில், கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம் நான் முதலில் பேசுவது பத்தியத்தைப் பற்றி அல்ல. "மருந்தையும் சிரிஞ்சையும் எடுங்கள், இரண்டிலும் என்ன எண் போட்டிருக்கிறது என்று படித்துக் காட்டுங்கள்" என்பேன்.

இதற்குக் காரணம் ஒரு பெரியவர். அவருடைய பேனா ஊசி பழுதாகிவிட்டது. வேளை தவறக் கூடாதே என்று மகன், பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பியான கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி, வழக்கமான 20 கோடு வரைக்கும் போட்டுவிட்டார். உள்ளே போனது 50 யூனிட். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, கூப்பிட்டால் கண் திறக்காத நிலையில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளையிடம் அக்கறைக்குக் குறைவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். இங்கே பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். சில பாட்டில்களும் 100 யூனிட்டில் வருகின்றன. 40-க்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகும். 40 மருந்தை ஆரஞ்சு மூடியில் எடுத்தால் பாதிகூடப் போய்ச் சேராது. மூடியின் நிறத்தோடு நிறுத்திவிடாமல் சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள். மருந்துக் கடையை விட்டு நகர்வதற்கு முன்பே படியுங்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் ஒருபோதும் எடுக்காதீர்கள்.

ஊசி போடுவது கடினமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால்போல் கலங்கலாக இருக்கும் மருந்தென்றால் பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் நுரை வந்து அளவு தவறும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால் வேண்டாம். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு, தோலை இலேசாகப் பிடித்துக் குத்தி, மருந்து இறங்கியதும் மனதுக்குள் பத்து எண்ணி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

இடத்தைத் தினமும் மாற்றுங்கள். "இங்கே குத்தினால்தான் வலிப்பதில்லை" என்று ஒரே இடத்தைக் காட்டுபவர்கள் உண்டு. அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், கட்டியாக இருக்கும். கட்டிக்குள் போன மருந்து ஒழுங்காக இரத்தத்தில் சேராது, சர்க்கரை குறையாது, மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் நல்ல இடத்தில் அதே அளவைப் போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். ஆகவே கட்டி இருந்தால் இடம் மாற்றும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரிக்காத மருந்து பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். ஃப்ரீசரில் உறைந்துபோனது உதவாது. பிரித்த பாட்டிலில் தேதியை எழுதிவிடுங்கள். பொதுவாக 28 நாளுக்கு மேல் வேண்டாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னச் சட்டி வைத்து அதில் மருந்தை வைக்கலாம்.

இனி, நான் மிகவும் அஞ்சுவது: சர்க்கரை இறங்குவது. 70-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி எல்லோருக்கும் தெரியும். வயதானவர்களிடம் இவை தெரியாமலே போகலாம். சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், "எனக்கு ஒன்றுமில்லை, போ" என்று எரிந்து விழுவார்கள், இரவில் தலையணை நனைந்திருக்கும். சர்க்கரை பார்க்கும் கருவி கையில் இல்லாவிட்டால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ அரை டம்ளர் நீரில் கரைத்துக் கொடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு, வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ்தான் கைகொடுக்கும். சாக்லேட், கடலைமிட்டாய் வேண்டாம், அவற்றின் கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் இரண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள். நினைவில்லை என்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் தெளிந்த பிறகும் மருத்துவமனைக்கு வாருங்கள். சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம்.

வாந்தி, காய்ச்சல், சாப்பிட முடியவில்லை என்ற நாட்களில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு, சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது.

பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் எறியாதீர்கள். தூய்மைப் பணியாளர்கள் கையில் குத்திக்கொண்டு எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.