புது வேலை, புது நகரம்: முதல் சில வாரங்கள்

வேலையில் சேரும் முன், ஒரு வேலை நாளின் காலையில் அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் கணக்கு தப்பும். 20 நிமிடம் என்று நான் நம்பிய வழி, திங்கட்கிழமை 50 நிமிடம் பிடித்தது.

முதல் நாளே ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். இடது பக்கம் பெயரும் அடையாளமும். வலது பக்கம் கூட்டங்களில் எனக்குப் புரியாத சொற்கள். "ஜன்னலோரம், நீல பாட்டில், சம்பளச் சந்தேகம் என்றால் இவர்" என்று ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். சந்தேகங்களை அன்றன்றே கேட்டுவிடுங்கள். புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அதையே கேட்கத்தான் நாக்கு எழாது. முதல் மாதத்துக்குள் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை மேலாளரிடம் நேராகவே கேளுங்கள்.

நட்புதான் கடினம். இரவு ஏழரை மணிக்கு அறையைத் திறந்ததும் சூழும் அமைதி என்னை மிகவும் வாட்டியது. ஒருமுறை கூடிக் கலையும் நிகழ்ச்சிகள் இதற்கு உதவவில்லை. அதே முகங்களை வாராவாரம் பார்க்கும் இடம் வேண்டும். செவ்வாய்தோறும் ஆடும் ஓர் இறகுப்பந்துக் குழுவில் சேர்ந்தேன். மூன்று வாரம் யாரும் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஆனாலும் போனேன். நான்காவது வாரம் காய்ச்சல். அடுத்த செவ்வாய் மட்டையை உறையிலிருந்து எடுப்பதற்குள், "போன வாரம் ஏன் காணோம்?" என்றார் ஒருவர். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் முதலில் சொன்னது அதைத்தான்.