ஃபைப்ரோமயால்ஜியா: ரிப்போர்ட் நார்மல் என்றால் வலி பொய்யா?

ரத்தப் பரிசோதனை சரி, எக்ஸ்ரே சரி, எம்ஆர்ஐயும் சரி. ஆனால் தோள், முதுகு, இடுப்பு, கால் என்று உடம்பெல்லாம் மாதக்கணக்கில் வலி. "ஒன்றும் இல்லையே" என்று யாராவது சொல்லிவிட்டால் முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ரிப்போர்ட் அப்படிச் சொல்லவில்லை. அழற்சியோ தேய்மானமோ தென்படவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

இப்படி உடம்பெல்லாம் நீடிக்கும் வலிக்கு ஒரு காரணம் ஃபைப்ரோமயால்ஜியா. இதில் முக்கியமான கோளாறு வலிக்கிற இடத்தில் இல்லை. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்திகளைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. மற்றவருக்கு வெறும் அழுத்தமாகத் தெரிவது இவர்களுக்கு வலியாகவே போய்ச் சேர்கிறது. 1904இல் இதற்கு 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார்கள். நார்த்திசுவில் அழற்சி என்ற பொருளில் வந்த பெயர். தேடிப் பார்த்தும் அந்த அழற்சி கிடைக்காததால் 1970களில் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

ரிப்போர்ட்டை நம்பி வலியை மறுப்பது ஒரு பக்கம் என்றால், ஏதாவது ஒரு ரிப்போர்ட்டில் மாட்டும் என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பது இன்னொரு பக்கம். இந்த நோயை உறுதிசெய்யும் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. தைராய்டு பரிசோதனை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் இதே போன்ற அறிகுறி தரும் வேறு நோய்களை விலக்கத்தான். 18 இடங்களில் அழுத்திப் பார்த்து 11இல் வலித்தால்தான் இந்த நோய் என்ற 1990ஆம் ஆண்டுக் கணக்கும் இப்போது கட்டாயமில்லை. எத்தனை பகுதிகளில் வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி, 3 மாதமாக நீடிக்கிறதா என்று கேட்டே முடிவு செய்கிறார்கள்.

அப்புறம், இந்தப் பெயர் கிடைத்ததும் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டாதீர்கள். முடக்குவாதம் (மூட்டுகளில் அழற்சி வரும் நோய்) உள்ளவருக்கும் இது சேர்ந்து வரலாம். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கை கால் பலம் இழப்பது என்றால் மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளும் ஸ்டீராய்டும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. மார்ஃபின் போன்ற வீரியமான ஓபியாய்டு வலி மருந்துகள் வேண்டாம் என்றே ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. டுலாக்ஸெடின் எழுதித் தந்தால், "இது மன அழுத்த மாத்திரையாச்சே, டாக்டர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்?" என்று சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நரம்பு மண்டலம் வலியை அடக்கும் பாதையில் வேலை செய்வதால்தான் அதைத் தருகிறார்கள். எல்லோருக்கும் பலிக்காது என்பது உண்மை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல் வரலாம்.

உடற்பயிற்சியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன வழிகாட்டுதல் அழுத்தமாகப் பரிந்துரைத்த சிகிச்சை அது ஒன்றுதான். வலிக்கிறதே என்று படுத்தே இருந்தால் உடல் தளர்ந்து வலி கூடும். வலி குறைந்த ஒரு நாளில் வீட்டைத் துடைத்து, துணி துவைத்து, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான். ஐந்து அல்லது பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடலாம். தசை கெட்டுப்போகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. வலி இருக்கும் நாளில் எழுந்து நடப்பதைவிட, உடம்பு லேசாக இருக்கும் நாளில் பத்து நிமிடத்தோடு நிறுத்துவதுதான் பலருக்கும் கஷ்டம்.