லூபெக் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஹம்பர்க்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். அதனால் ஜெர்மனியின் லூபெக் நகரத்தை மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஹோல்ஸ்டன்டோர் கோட்டைவாசல் முன் ஒரு போட்டோ, பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மார்சிபான் இனிப்பு ஒரு பெட்டி, அடுத்த ரயில். பெரிய தவறே இதுதான்.

வாசல் அழகுதான், மறுக்கவில்லை. 1478-இல் கட்டி முடித்தார்கள். சதுப்பு நிலத்தில் கோபுரங்கள் அமிழ்ந்து கோணலாக நிற்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். 1863-இல் இதை இடிக்காமல் வைத்துக்கொள்வது என்று ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் முடிவானது. ஆனால் ஊர் எப்படிப் பணக்கார ஊரானது என்று தெரிய வேண்டுமானால், பக்கத்தில் ஆற்றோரம் நிற்கும் செங்கல் கட்டடங்களைப் பாருங்கள். உப்புக் கிடங்குகள். இப்போது இருப்பவை 16ஆம் நூற்றாண்டிலிருந்து எழுந்தவை. வியாபாரம் அதைவிடப் பழையது. தெற்கே இருக்கும் லூனபுர்க் என்ற ஊரில் காய்ச்சிய உப்பு இங்கே வரும். 1398 முதல் அதற்கென்றே ஒரு கால்வாய். இங்கிருந்து கப்பலேறி, இன்றைய ஸ்வீடனின் தெற்கிலுள்ள ஸ்கோன கடற்கரையில் குவியும் ஹெர்ரிங் மீனை உப்பிடப் போகும். விரத நாட்களில் இறைச்சி கூடாது, மீன் கூடும் என்பது சர்ச் விதி. அப்புறம் உப்பிட்ட மீனுக்குக் கிராக்கி இல்லாமல் இருக்குமா? இடைக்கால வட ஐரோப்பிய நகரங்களின் ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் லூபெக் தலைமை இடத்தில் இருந்ததற்கு இந்த உப்பும் மீனும் முக்கியக் காரணம்.

பெரிய தெருக்களிலேயே சுற்றுவது அடுத்த தவறு. வீடுகளுக்கு நடுவே குனிந்து நுழையும் அளவுக்குச் சின்னச் சந்துகள் இருக்கின்றன, ‘கெங்க’ என்பார்கள். வணிகர்கள் தங்கள் கொல்லைப்புறத்தில் கூலிக்காரர்களுக்குக் கட்டிவிட்ட குட்டி வீடுகள் உள்ளே வரிசையாக இருக்கும். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் எட்டிப்பார்க்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். கதவு சாத்தியிருந்தால் விட்டுவிடுங்கள்.

மரியன்கிர்ஹ தேவாலயத்தில் எல்லோரும் அண்ணாந்து, 38 மீட்டர் உயரக் கூரையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தெற்குக் கோபுரத்தின் அடியில் தரையைப் பாருங்கள். 1942 மார்ச் மாதக் குண்டுவீச்சில் மேலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகள், விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன.

உருட்டுப் பெட்டியோடு பழைய நகரத்துக்குள் போகாதீர்கள், கல் பாவிய தெருக்களில் சக்கரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது, திங்கட்கிழமை சில அருங்காட்சியகங்கள் இருக்காது. 2015-இல் திறந்த ஹன்சா அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். மார்சிபானை ரயிலேறும் முன் வாங்கினால் போதும்.